வடக்கே நகர்த்திய மலை

கோமதிநாயகம் அண்ணாச்சி மலையை வடக்கே நகர்த்திய புதன்கிழமை காலையில் அவருடைய சம்சாரம் செண்பகவல்லி கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஆகையால் ஆயிரம் அடி உயரத்துச் சிவப்புக் கல் மலை ஒன்று பிறந்த நாள் முதலாக முதல் தடவை இடம்பெயர்ந்த அந்த மகத்தான நேரத்தை அவள் பார்க்கவில்லை. சட்டியிலிருந்த கடலை ஒரு பக்கமாகச் சரிந்ததை மட்டும் பார்த்தாள், தரை சமமில்லை போலிருக்கிறது என்று சட்டிக்கு அடியில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள், மறுபடியும் துருவ ஆரம்பித்தாள்.

போட்ஸ்வானாவில் காபரோனி என்கிற நகரத்தில் ஒரு தமிழ்ச் சங்கம் உண்டு. நாற்பத்திரண்டு உறுப்பினர்கள், அதில் நாற்பத்தொரு பேர் ஏதாவதொரு பொறுப்பில் இருக்கிறவர்கள், மிச்சம் ஒருத்தர் போன மாசம்தான் ஊரிலிருந்து வந்தவர். அண்ணாச்சி அதற்குத் தலைவர். பதினோரு வருஷமாக அவரேதான் தலைவர், தேர்தல் வைக்க வேண்டியதுதான், ஆனால் தேர்தல் குழுவுக்கும் அவர்தான் தலைவர் என்பதால் அவருக்கு நேரம் ஒழியவில்லை. சிமெண்ட் கம்பெனியில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து அந்த மார்ச்சில்தான் ஓய்வு பெற்றிருந்தார். அதைக் கொண்டாடத்தான் நாலு வண்டியில் பதினேழு பேர் நமீபியாவைப் பார்க்கக் கிளம்பினார்கள், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, காலஹாரிப் பாலைவனத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற நெடுஞ்சாலையில் முதல் நாள் புளிசாதமும் இரண்டாம் நாள் தயிர்சாதமுமாக, ஒட்டகச்சிவிங்கி குறுக்கே போனபோதும் பின்சீட்டு ஊறுகாய் பாட்டில் சாய்கிறதா என்பதைத் தவிர வேறொன்றையும் திரும்பிப் பாராமல், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கண்ணுக்கெட்டிய மட்டும் கட்டாந்தரை, நடுவில் யாரோ லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன மாதிரி ஒற்றை மலை. அதற்கு ஒரு பெயர் உண்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒரு சொடுக்குச் சொடுக்கித்தான் அதைச் சொல்ல முடியும், தமிழில் எழுத வழியில்லை. அந்தத் தேசத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறபடியால் மலைக்குத் தென்பக்கம்தான் பகலெல்லாம் நிழல், கூடாரம் போடுகிற இடங்கள் பதினொன்றும் அந்த நிழலில்தான். அதே பக்கத்தில் பாறை வெடிப்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி ஒரு தொட்டியில் விழும். நூறு ஆடும் பத்துக் குடும்பமும் அந்தச் சொட்டை நம்பித்தான் இருந்தன.

இடத்தை நடத்துகிறவள் ஹென்ட்ரினா, டமாரா இனத்துப் பெண், அறுபது வயது, தலையில் பூப்போட்ட துணி, இடுப்பில் சாவிக்கொத்து. வந்தவர்களிடம் ஆங்கிலத்தில் மூன்று விஷயம் சொன்னாள். மலையில் கிறுக்காதீர்கள், மலைமேல் சோப்புப் போடாதீர்கள், மலையைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். அண்ணாச்சி சிரித்தார்.

"கேட்டா மலை பதில் சொல்லுமாம்மா?"

"தெரியாது," என்றாள் ஹென்ட்ரினா. "இங்க வர்றவங்க யாரும் கேட்டதில்ல."

வழியில் செயலாளர் இருதயராஜின் வண்டிக்கு இரண்டு தடவை பஞ்சர் ஆகியிருந்தது. கற்கள் நிறைந்த சாலையில் தேய்ந்த டயரோடு வந்தால் பஞ்சர்தான் ஆகும் என்று நீங்களும் நானும் நினைப்போம், அண்ணாச்சி அது ஒரு தடங்கல் என்று கண்டுபிடித்தார், காலையில் பிள்ளையாருக்கு ஒரு பூஜை போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பயணம் என்று அறிவித்தார். மஞ்சள் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஒரு சின்னப் பிள்ளையார் பிடித்து வைக்கலாம் என்று செண்பகவல்லி பொட்டலத்தோடு வந்தாள்.

"ஏட்டி, அங்க பாரு," என்றார் அண்ணாச்சி. "தும்பிக்கையும் தொந்தியுமா ஆயிரம் அடிக்குப் பிள்ளையாரே உக்காந்திருக்காரு, நீ மஞ்சத்தூளத் தூக்கிட்டு வாரியே!"

தும்பிக்கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பதினாறு பேருக்கும் தெரியவில்லை. பதினைந்து பேர் "ஆமா அண்ணாச்சி" என்றார்கள். செண்பகவல்லி பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போனாள்.

மலையின் பாதத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பி, அருகம்புல்லுக்குப் பதிலாக அங்கே முளைத்திருந்த ஏதோ முள்ளுப்புல்லை வைத்து, தப்பும் தவறுமாக மந்திரம் சொல்லி, பூஜை நடந்தது. மஞ்சளில் பிடித்த பிள்ளையாரைப் பூஜை முடிந்ததும் விரலால் லேசாக வடக்குப் பக்கம் நகர்த்தி, வந்ததற்குச் சந்தோஷம், இப்போது உங்கள் இடத்துக்குப் போய், நாங்கள் அழைக்கும்போது மறுபடியும் எழுந்தருள வேண்டும் என்று கேட்டுக்கொள்வது வழக்கம். நகர்த்துவது ஒரு பாதி, கேட்டுக்கொள்வது இன்னொரு பாதி. அண்ணாச்சி இரண்டு கையையும் மலையின் மேல் வைத்தார். இருதயராஜ் நாகர்கோவில்காரர், ரோமன் கத்தோலிக்கர், இந்தப் பூஜைக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிவிட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது, சுண்டல் தாளிக்கிற வாசம் வந்துவிட்டது. அண்ணாச்சி முதல் பாதியைச் செய்தார், இரண்டாம் பாதியைச் செய்யவில்லை. "சரி, கெளம்பும்வே" என்று மலையை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுச் சுண்டலைப் பார்க்கப் போனார்.

மலை கிளம்பியது. ஒரு டீ ஆறுகிற நேரத்துக்கு ஒரு முழம், அவ்வளவுதான் வேகம். சத்தம் இல்லை, புழுதி இல்லை, மேலே இருந்த பறவைகள்கூட எழும்பிப் பறக்கவில்லை.

முதலில் தெரிந்துகொண்டவை ஆடுகள். தண்ணீர் தொட்டியில் விழாமல் தொட்டிக்கு அந்தப் பக்கம் மண்ணில் விழுவதைப் பார்த்து, ஹென்ட்ரினா வந்து சேருகிற வரைக்கும் வரிசையாக நின்று கத்தின. அவள் வந்தாள், சொட்டுகிற இடத்தைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், தொட்டியை இரண்டு ஆள் வைத்து இழுத்து மறுபடி சொட்டுக்கு நேராகப் போட்டாள். ஒரு டீ ஆறியது, மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் தொட்டியைக் கழுதை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கழுதைக்கு அது பெரிய கஷ்டமான வேலையாகத் தெரியவில்லை.

நம்முடைய ஜனங்களுக்கு மலை போன விஷயம் நிழல் போன பிறகுதான் தெரிந்தது. இருதயராஜ் சுண்டலை இரண்டு தடவை வாங்கித் தின்றுவிட்டுப் படுத்தவர் நெற்றியில் வெயில் சுட்டதும் எழுந்து, கூடாரத்தைப் பிடுங்கி இருபது அடி தள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி படுத்தார். அவ்வளவுதான் ஆச்சரியம். வியாழக்கிழமை காலைக்குள் அது ஒரு பழக்கமாகிவிட்டது. பல் தேய்க்கிறது, காபி குடிக்கிறது, கூடாரத்தின் முளையைப் பிடுங்குகிறது, நிழல் இருக்கிற இடத்தில் அடிக்கிறது, பேசிக்கொண்டிருந்த பேச்சை விட்ட இடத்திலிருந்து பேசுகிறது. பக்கத்தில் தங்கியிருந்த ஜெர்மன் தம்பதி மட்டும் ஒரு சந்தேகத்தோடு வந்தார்கள், நாங்கள் ஏழாம் எண் இடத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம், ஏழாம் எண் என்பது மலையோடு போகுமா, தரையோடு நிற்குமா என்று கேட்டார்கள். ஹென்ட்ரினா எண் எழுதிய கற்களைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சுற்றுவட்டாரத்துக்காரர்கள் வந்தார்கள், மடக்கு நாற்காலியோடு வந்தார்கள், மலையை வேடிக்கை பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது, மலையைச் சாக்கிட்டு ஒருத்தரையொருத்தர் பார்த்துக் கல்யாணப் பேச்சு வார்த்தைகூட ஒன்று முடித்தார்கள். தேவாலயத்துப் போதகர் ஒருவர் வந்தார். விசுவாசம் இருந்தால் மலையும் நகரும் என்று முப்பது வருஷமாகப் பிரசங்கம் செய்தவர் அவர், பாவம். இப்போது நகர்ந்தேவிட்டது, அதுவும் பாதிப் பூஜையில் நகர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு தலைப்பு யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலை விட்டுவிட்டுப் போன தரை மட்டும் யாருக்கும் பழகவில்லை. கட்டுப் பிரித்த கை மாதிரி வெளுத்து, ஈரமாக, ஒரு புல்லும் இல்லாமல் கிடந்தது. வெள்ளை வெள்ளையாகச் சில வண்டுகள் வெயிலில் எங்கே போவதென்று தெரியாமல் வட்டமடித்துக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை மத்தியானம் செண்பகவல்லி போனைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துப் பாறை ஒன்றில் ஏறினாள், அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும், அந்தப் பாறையும் மலையோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தபடியால் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது. காபரோனியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். திங்கட்கிழமை இரண்டாம் பருவம் தொடங்குகிறது, தன்னுடைய ஐந்தாம் படிவ வகுப்புக்குக் கால அட்டவணை வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஏறினாள். வந்திருந்தது தலைமையாசிரியை மொலேஃபே அம்மாவின் செய்தி. 'உங்கள் ராஜினாமாக் கடிதம் கிடைத்தது. எனக்கு மிகவும் வருத்தம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டுவிடும். உங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்ல?' கீழே கடிதத்தின் படம். கடைசியில் 'செண்பகவல்லி' என்று ஆங்கிலத்தில் அழகான கையெழுத்து, அடியில் ஒரு கோடு, இரண்டு புள்ளி.

அவளுடைய வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தொரு பேர் எப்படியும் தேறிவிடுவார்கள். மிச்சம் ஏழு பேர். ஜனவரியில் பின்னம் என்றாலே பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொண்ட அந்த ஏழு பேரும் ஏப்ரலில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அக்டோபர் பரீட்சைக்குள் அவர்களைக் கரையேற்றிவிடலாம் என்று அவள் நோட்டுப்புத்தகத்தில் வாரவாரியாகத் திட்டம் போட்டு வைத்திருந்தாள், அதில் எட்டாவது வாரத்தை மட்டும் மூன்று தடவை அடித்துத் திருத்தியிருந்தாள்.

அவள் இறங்கி வந்தபோது அண்ணாச்சி ஜெர்மன் தம்பதிக்குத் தென்னிந்தியக் கோபுரங்களைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஸ்கூலுக்கு லெட்டர் குடுத்தீங்களா?"

"ஏப்ரல் மொத வாரமே குடுத்தாச்சே. சொல்லலியா?"

"சொல்லல."

"இப்ப சொல்லிட்டேம்லா? பாளையங்கோட்டை புது வீட்டுல மே இருவதாந் தேதி பால் காய்ச்சணும். நா மட்டும் போயி பாலப் பொங்க விட்டுட்டுத் தனியா நிக்கவா?"

"பிள்ளைங்களுக்கு அக்டோபர்ல பரீட்சங்க. அதுக்கப்புறம் வாறேன்னுதான நெனச்சிட்டிருந்தேன்."

"நீ போனா கணக்குப் பாடத்தையே நிப்பாட்டிருவானுவளாக்கும்? வேற டீச்சர் வருவா."

"என் கையெழுத்த யாரு போட்டா?"

அண்ணாச்சி நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தார். "எப்பவும் யாரு போடுவா?"

அதுவும் உண்மைதான். இருபத்தேழு வருஷமாக பேங்கிலும் இன்சூரன்ஸிலும் வீட்டு வாடகைப் பத்திரத்திலும் அவளுடைய கையெழுத்தை அவர்தான் போட்டு வந்தார். 'நீ போட்டா கட்டத்தத் தாண்டிப் போவுது' என்று முதல் வருஷம் சொன்னார், அவளும் புது ஊர், புதுப் பொண்டாட்டி, சரி என்று விட்டுவிட்டாள். அன்றைக்கு விட்டது தப்பு என்று இன்றைக்கு உறைத்தது. நாலு பேர் முன்னால் கத்தினால் என்ன என்று தோன்றியது. கத்தவில்லை, வெளுத்துப்போன தரைப் பக்கமாக நடந்தாள்.

அங்கே ஹென்ட்ரினா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் பிறந்தது அந்தப் பக்கத்து நிழல்லதான்," என்றாள். "இன்னைக்கு அங்க வெயில் அடிக்குது. வடக்க ஒரு வேலி இருக்கு பாத்தீங்களா? நாளைக்கு மலை அதைத் தாண்டிரும்."

"தாண்டினா?"

"மாட்டு நோய்க்குப் போட்ட வேலி. வடக்க போறது லேசு. அங்கேருந்து தெக்க திரும்பி வரணும்னா இருபத்தொரு நாள் தனியாக் கட்டி வைப்பாங்க, டாக்டர் பாக்கணும், பேப்பர் வேணும். மலையை யாரு கட்டி வைக்கிறது? அந்தப் பக்கத்துக்காரங்க விடுவாங்களா? தண்ணியும் அதோட போயிரும்."

"நீங்க நிக்கச் சொல்லிப் பாக்கலியா?"

"காலையிலேருந்து சொல்லிட்டுத்தான் இருக்கேன். போகச் சொன்னவன் வந்து கேக்கணும்னு நினைக்குது போல. உங்க புருஷன் கேப்பாரா?"

செண்பகவல்லி வண்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அவருக்கு யாரையும் கேட்டுப் பழக்கமில்ல."

அன்று சாயங்காலம் சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. கூட்டத்தின் நடுவில் மூன்று தடவை நாற்காலிகளை நிழலுக்கு நகர்த்திப் போட வேண்டியிருந்தது. தலைவர் பேசினார்: பூமத்திய ரேகைக்குத் தெற்கே வடக்கு எது என்பதில் சாஸ்திரத்தில் தெளிவில்லை, மந்திரப் புத்தகத்தில் அச்சுப் பிழை இருக்கிறது, வீடியோ எடுத்ததில் கவனம் சிதறியது, அதற்குச் செயலாளர் பொறுப்பு, இந்த மலைக்கு முன்பே அஸ்திவாரம் சரியில்லை. மலை நகர்ந்ததற்கும் சங்கத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்கிற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எழுதி முடித்துவிட்டு இருதயராஜ் தலைநிமிர்ந்தபோது மலை இன்னொரு முழம் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மலைக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு வண்டி போகிற இடம்தான் மிச்சம் இருந்தது. எல்லாரும் அங்கே கூடிவிட்டார்கள், நாற்காலிக்காரர்கள், கழுதை வண்டி, ஆடுகள், ஜெர்மன் தம்பதி, பதினேழு தமிழர்கள். வேலியைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி கோட்லீப் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார், ஒல்லியான மனுஷன், இஸ்திரி போட்ட சட்டை. அவர் கையில் கால்நடை இடமாற்றப் படிவம் ஒன்று இருந்தது. நகரக்கூடிய சமாச்சாரத்துக்கு அவர்கள் அலுவலகத்தில் இருந்த ஒரே படிவம் அதுதான். என்ன இனம் என்ற இடத்தில் மலை என்று எழுதினார். எண்ணிக்கை ஒன்று. நிறம் சிவப்பு. கொம்பு என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உச்சியைப் பார்த்து, இரண்டு என்று எழுதினார். பிறகு கேட்டார்:

"இதை ஓட்டிக்கிட்டு வந்தது யாரு?"

ஹென்ட்ரினா அண்ணாச்சியைக் காட்டினாள். இருதயராஜ், யாரும் கேட்காமலே, வீடியோவைக் காட்டினார்.

"நல்லது," என்றார் கோட்லீப். "வேலியைத் தாண்டிருச்சுன்னா இருபத்தொரு நாள் தனிக் கொட்டடி. ஓட்டிட்டு வந்தவரும் கூடவே இருக்கணும். அதுதான் விதி. பேர் சொல்லுங்க."

அண்ணாச்சி மனசுக்குள் விரல் மடக்கினார். இருபத்தொரு நாள் என்றால் மே இருபது போய்விடும், பால் காய்ச்சுவது போய்விடும், திருநெல்வேலியிலிருந்து வருகிற இரண்டு மந்திரிக்கு வேண்டியவர்களும் ஒரு ரிட்டையர்டு கலெக்டரும் பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அறுபத்தொரு வயதில் ஒரு தடவைகூட யாருக்கும் வளையாத அந்த முதுகு வளைந்தது, கூரான கல்லும் முள்ளும் பாராமல் நெடுஞ்சாண்கிடையாக அந்த மலைக்கு முன்னால் விழுந்தார்.

"தப்பு என்னோடதுதாய்யா," என்றார். குரல் அப்படியே வெல்லப்பாகாக இருந்தது. "உங்கள ஒரு வார்த்த கேக்காம கெளப்பி விட்டுட்டேன். எத்தன வருசமா இருந்த எடம், ஒங்களுக்குன்னு ஒரு தண்ணி, ஒங்கள நம்பி ஆடு, மாடு, மனுசன். எனக்கு என்ன உரிம இருக்கு? நீங்க எங்க இருக்கணுங்கிறத நீங்கதான் சொல்லணும். கோவிச்சுக்காம ஒங்க எடத்துக்குத் திரும்பி வாங்க. நா கேக்கேன். கெஞ்சிக் கேக்கேன்."

மலை நின்றது. ஒரு டீ ஆறுகிற நேரம் நின்றது. பிறகு தெற்கே பார்த்துத் திரும்பி நடக்க ஆரம்பித்தது, போனதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில். பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள், கழுதையைத் திருப்பிப் பூட்டினார்கள், ஹென்ட்ரினா மலையின் பாதத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு அதோடு கூடவே நடந்தாள். கோட்லீப் படிவத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அண்ணாச்சி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். முகத்தில் அப்படியொரு தேஜஸ். "பாத்தீங்கல்லா? கேக்கிற மொறையில கேட்டா மலையும் கேக்கும்."

"ஆமா அண்ணாச்சி," என்றார்கள் பதினைந்து பேர்.

செண்பகவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவருக்கு எதிரே வந்து நின்றாள். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குள் இறங்கியிருந்தது. இந்த மனுஷனுக்கு இந்த வார்த்தைகளெல்லாம் தெரிந்திருக்கிறது, இவ்வளவு அழகாகச் சொல்ல வருகிறது, இருபத்தேழு வருஷமாக எங்கே வைத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நிமிஷம் அவள் அவரை மன்னிக்கத் தயாராகத்தான் இருந்தாள், அதை மறைக்க வேண்டியதில்லை.

"எங்கிட்டயும் அதே மாதிரி ஒருதரம் சொல்லுங்க," என்றாள். "என் கால்ல விழ வேண்டாம். நின்னுக்கிட்டே சொன்னாப் போதும்."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், பெரிதாகச் சிரித்தார்.

"நீ என்ன மலையாட்டி?"

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான், சிரிக்காமல் என்ன செய்வார்கள். தமிழ் தெரியாத ஹென்ட்ரினா மட்டும் சிரிக்கவில்லை, செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்துவிட்டு மலையிலிருந்து கன்னத்தை எடுத்தாள்.

செண்பகவல்லி திரும்பிப் போய்ச் சிக்னல் பாறையைத் தேடினாள், அது தெற்கே வந்துகொண்டிருந்தது, ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி ஏறினாள். 'அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. கையெழுத்தும் என்னுடையது இல்லை. திங்கட்கிழமை முதல் பாட வேளைக்கு வருவேன்' என்று மொலேஃபே அம்மாவுக்கு அனுப்பினாள். பதில் வருகிற வரைக்கும் காத்திருக்கவில்லை, இறங்கி வந்து கூடாரக் கம்பில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தாள், பையை எடுத்துப் போட்டாள், இரண்டு கேன் தண்ணீரை ஏற்றினாள், டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷமாகப் பள்ளிக்குத் தினமும் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவள்தான், நெடுஞ்சாலையில் மட்டும் அண்ணாச்சி அவளை ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை.

"எங்க போற?" என்றார் அண்ணாச்சி.

"ஸ்கூலுக்கு."

"வெளையாடாத. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் இருக்கு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "சரி, இப்ப என்ன? வாபஸ் வாங்குறேன்னு ஒரு லெட்டர் எழுதணும், அவ்வளவுதான? நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிருதேன். எறங்கு."

செண்பகவல்லிக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள், அது பாதிக்கு மேல் அழுகை என்பது அவளுக்கே தெரியும்.

"புளிக்காய்ச்சல் நீலக் கூடையில இருக்கு," என்றாள். "சாதம் நீங்கதான் வடிக்கணும். தள்ளிக்கோங்க."

அவர் தள்ளிக்கொள்ளவில்லை. வண்டிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். மலைதான் வந்தது, ஹென்ட்ரினா, ஆடுகள், கழுதை வண்டி எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு அது பாட்டுக்கு வந்தது, அதற்கு வழிவிட்டு அவர் நகர வேண்டியதாயிற்று. செண்பகவல்லி வண்டியைக் கிளப்பினாள்.

இரண்டு இரவு வழியில் தங்கினாள், சாலையோர விடுதிக்காரர்கள் தனியாக வந்த பெண்ணுக்குக் கூடுதலாக ஒரு போர்வை கொடுத்தார்கள். மலை சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது, ஒரு முழம் மட்டும் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, தண்ணீர் தொட்டியில் சரியாக விழுகிறது என்று இருதயராஜ் செய்தி அனுப்பினார். 'அண்ணாச்சி சாதத்தைக் குழைய விட்டுவிட்டார், எல்லாரும் சாப்பிட்டோம்' என்றும் எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லைச் சாவடியில் ஆள் கூட்டம் இல்லை. எப்போதும் இந்தப் படிவங்களை அண்ணாச்சிதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பூர்த்தி செய்வார். செண்பகவல்லி முதல் தடவையாகத் தானே வாங்கினாள். தொழில் என்ற இடத்தில் ஆசிரியை என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள், அது கட்டத்தைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே போனது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி படிவத்தைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், பேனாவைக் கீழே வைத்தாள்.

"கையெழுத்து ரெண்டும் ஒத்துப் போகலையே. பாஸ்போர்ட்டுல அழகா இருக்கு. அடியில கோடு, ரெண்டு புள்ளி."

செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். அதையும் அவர்தான் போட்டிருக்கிறார். பத்து வருஷமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறாள், ஒரு நாளும் அவள் பார்த்ததில்லை. எழுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள், நாளைக் காலை ஏழரைக்கு மணி அடிக்கும்.

"அது என்னோடது இல்லை," என்றாள். "என் புருஷன் போட்டது. இதுதான் என்னோடது."

வரிசையில் பின்னால் நின்ற லாரி டிரைவர் இருமினார். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கோடு போடாத தாள், கண்ணாடிக்கு அடியில் நீட்டினாள்.

"பத்துத் தடவை போடுங்க."

செண்பகவல்லி போட்டாள். அதிகாரி தாளை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போனாள். பத்தும் கோணல். பத்தும் ஒரே கோணல்.

"ஊருக்குப் போனதும் புது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்க," என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினாள்.